முறை தெரிந்தால் மொழி வரும்

ஸ்டாக்ஹோமுக்கு வேலைக்குப் போகிற நம் சாஃப்ட்வேர் பிள்ளைகளிடம், “ஸ்வீடிஷ் கத்துக்கிட்டியாப்பா?” என்று கேட்டுப் பாருங்கள். “எதுக்கு சார்? அங்கே பஸ் டிரைவர்கூட பளிச்னு இங்கிலீஷ் பேசுறார்!” என்று பதில் வரும். பேசுகிறார், வாஸ்தவம்தான். விருந்தாளியிடம் அப்படித்தான் பேசுவார்கள். பத்து வருஷம் விருந்தாளியாகவே இருந்துவிட்டு வர உங்களுக்குச் சம்மதமா?

“நாற்பது வயசுக்கு மேல் இலக்கணமெல்லாம் ஏறாது” என்பது அடுத்த சால்ஜாப்பு. இலக்கணம் கிடக்கட்டும். க்யூவில் போய் நில்லுங்கள். ஸ்வீடனில் அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

மருந்துக் கடை, சூப்பர் மார்க்கெட்டில் மீன் விற்கும் கவுன்ட்டர், அரசாங்க ஆபீஸ் என்று பல இடங்களில் உள்ளே நுழைந்ததும் ஒரு குட்டி மெஷின் இருக்கும். அதிலிருந்து எண் போட்ட சீட்டை எடுத்துக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். சீட்டின் பெயர் ‘நும்மர்லாப்’. ‘நும்மர்’ என்றால் எண். ‘லாப்’ என்றால் துண்டுச் சீட்டு. ஆச்சு, மூன்று வார்த்தை! சும்மா நிற்காமல் அந்த எண்ணை ஸ்வீடிஷில் சொல்லிப் பாருங்கள். 77 வந்தால் அதிர்ஷ்டம். ஸ்வீடிஷில் ஏழைச் சரியாகச் சொல்லிவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. ஊதி அணைப்பது போல ஒரு ஒலி அது. புத்தகம் பார்த்தெல்லாம் வராது, காதால் கேட்டால்தான் வரும்.

க்யூவுக்கு அவர்கள் வார்த்தை ‘கோ’. நம் ‘கே’யைச் சொல்லிக்கொண்டே உதட்டைக் குவிக்க வேண்டும். வழக்கமாக இந்த உயிரெழுத்துக்கு முன்னால் ‘க’ வந்தால் ‘ஷ’ மாதிரி ஆகிவிடும், வாங்குவது ‘ஷோப்பா’. பிரெஞ்சிலிருந்து வந்த ‘கோ’ அந்த விதிக்குக் கட்டுப்படாமல் ‘க’வாகவே நிற்கிறது.

“நீங்கதான் கடைசியா?” என்று கேட்க “ஏ தூ சிஸ்த்?” பயந்துவிடாதீர்கள், யாரும் துப்பவில்லை. ‘தூ’ என்றால் ‘நீ’. பெரியவர், சின்னவர், மேனேஜர், பியூன் எல்லோருக்கும் அதே ‘தூ’தான். இது ஆதிகாலத்து வழக்கமும் இல்லை. பட்டம், பதவி சொல்லி அழைத்துக்கொண்டிருந்தவர்கள்தான் ஸ்வீடன்காரர்களும். 1967-ல் ப்ரூர் ரெக்ஸெட் என்கிற உயர் அதிகாரி மருத்துவ நிர்வாகத் துறையின் தலைமைக்கு வந்தபோது, ஊழியர்கள் எல்லோரையும் பெயர் சொல்லியே அழைப்பேன் என்று அறிவித்தார். ஏற்கெனவே கிளம்பியிருந்த மாற்றம் அதோடு வேகம் பிடித்தது. எல்லோருக்கும் ஒரே ‘நீ’, எல்லோருக்கும் ஒரே சீட்டு. இரண்டும் ஒரே நியாயம்தான். இதை எந்த அகராதி சொல்லிக் கொடுக்கும்?

இன்னொரு வார்த்தை ‘தூர்’. “தே ஏ மின் தூர்” என்றால் “இது என் முறை”. அதே ‘தூர்’ அதிர்ஷ்டத்துக்கும் பெயர். நமக்கோ ‘முறை’ என்றால் நியாயமும்கூட. அதிர்ஷ்டமா, நியாயமா என்பது வீடு தேடும்போது தெரியும்!

ஸ்டாக்ஹோமில் வாடகை வீட்டுக்கும் க்யூ இருக்கிறது. நகராட்சியின் பட்டியலில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் காத்திருக்கிறார்கள். 18 வயதானால் பெயர் கொடுக்கலாம். காத்திருந்த காலத்துக்கு ‘கோதீத்’ என்று பெயர். அதை நாள் கணக்கில் எண்ணுகிறார்கள். நகரின் நடுவில் வீடு வேண்டுமென்றால் பத்து வருஷம்கூடப் போதாது. ஊர்ப் பிள்ளை 18-லேயே பெயர் கொடுத்திருப்பான். 35 வயதில் போய் இறங்குகிறவருக்குப் பூஜ்யம் நாள். சீட்டு எல்லோருக்கும் ஒன்றுதான். நிற்க ஆரம்பித்த நேரம்தான் வேறு. அந்த நியாயத்தின் ஓட்டை இது.

அந்தப் பூஜ்யத்தையும் ஆரம்பிக்காமல் மூன்று வருஷம் ஓட்டுகிறவர்களை என்ன சொல்ல? அவர்களுக்கு மிச்சம் ‘ஆந்த்ரஹாந்த்’ வீடு. ஆந்திராவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வாடகைக்கு இருப்பவர் நமக்கு உள்வாடகைக்கு விடுவது. ஒப்பந்தம் முடிந்தால் மறுபடி மூட்டை கட்ட வேண்டும். க்யூ விவரமெல்லாம் இங்கிலீஷிலும் இருக்கிறது, ஒளித்து வைக்கவில்லை. ஆனால், அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால்தானே தேடுவீர்கள்? அது தெரிவது ஆபீஸில் காபி குடிக்கும்போது நடக்கிற அரட்டையில். அரட்டை ஸ்வீடிஷில்!

குடியேறியவர்களுக்கு நகராட்சிகளே ஸ்வீடிஷ் வகுப்பு நடத்துகின்றன. காசு கிடையாது. 2009-ல் ஸ்வீடிஷ்தான் நாட்டின் முதன்மை மொழி என்று சட்டமே போட்டுவிட்டார்கள். இதற்கு மேலும் வெற்றிலை பாக்கு வைத்தா அழைப்பார்கள்?

இங்கிலீஷ் உங்களுக்கு மீன் வாங்கிக் கொடுக்கும், பஸ் ஏற்றிவிடும். உங்கள் முறை எப்போது என்று சொல்லாது. போய் இறங்கிய அன்றே ஒரு சீட்டைக் கிழியுங்கள். வீட்டுக்கும் பெயர் கொடுங்கள். க்யூவில் நிற்கிற நேரத்தில் மொழி தானாக வரும்.