பர்மா பாக்கியும் கோலார் கணக்கும்

ஏதென்ஸில் பிரிட்டிஷ் பிரஜையான ஒரு வணிகரின் வீட்டைக் கும்பல் சூறையாடியதற்கு நஷ்டஈடு கேட்டு, கிரேக்கத் துறைமுகத்தைப் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் மறித்தன. அதை நியாயப்படுத்தி வெளியுறவு அமைச்சர் பால்மர்ஸ்டன் 1850 ஜூனில் நாடாளுமன்றத்தில் இரவெல்லாம் பேசினார். 1948 மார்ச்சில் அரசியல் நிர்ணய சபையில் நேரு பேசியது இதற்கு நேர் எதிர். வெளிநாட்டு இந்தியர் அந்தந்த நாட்டுக் குடிமக்களாகிவிட்டால் நமக்கு அவர்கள்மீது பண்பாட்டு, மனிதாபிமான அக்கறைதான், அரசியல் அக்கறை இல்லை என்றார். அதே ஆண்டு பர்மா நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. அங்கே வட்டிக்கு விட்ட தமிழ்ச் செட்டியார்களின் வயல்கள் கைமாறும் நிலைக்கு வந்தன. பீரங்கியைத் தொடாதது நேருவின் பெருமை. ஆனால் பீரங்கி வேண்டாம் என்பதும் அந்த வயல்களுக்கான ஈட்டுப் பாக்கியை வற்புறுத்த வேண்டாம் என்பதும் ஒன்றல்ல.

லேவாதேவிக்காரருக்கு எதற்குப் பரிதாபம் என்பார்கள். கேள்வி நியாயமானது. கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீத நிலமே அவர்கள் கையில் இருந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் அது 25 சதவீதத்தை எட்டியது. நிலமிழந்த பர்மிய உழவனின் கோபம் பொய்யல்ல. ஆனால் பாயில் சம்மணமிட்டுப் பெட்டியடியில் பத்திரம் எழுதிய ஏஜெண்டுக்கு வேண்டியது வட்டி, வயல் அல்ல. பெருமந்தத்தில் நெல் விலை சரிந்ததும் காசுக்குப் பதில் சேறு வந்து சேர்ந்தது. முதல் அதில் முடங்கியது. முழு விலை கேட்க வழியில்லைதான். ஒரு பங்கையாவது தவணையாகக் கேட்டிருக்கலாம்.

ஏழை நாட்டிடம் எப்படிக் கேட்பது என்பது அடுத்த வாதம். 1937-ல் இந்தியாவிலிருந்து பிரிந்தது முதல் நின்ற பர்மாவின் கடனை 1954-ல் அரிசி கொள்முதலோடு சேர்த்து டெல்லி தீர்த்துக்கொண்டதே! பேச மேசை இருந்தது. தேசியமயமென்றால் ஈடும் உண்டு என்பதை நாமே கடைப்பிடித்தோம். 1956-ல் கோலார் தங்கவயல் சுரங்கங்களை மைசூர் அரசு எடுத்துக்கொண்டபோது லண்டன் கம்பெனிகளுக்கு ஈடு கிடைத்தது. (அங்கே பாலகாட், சாம்பியன் ரீஃப் சுரங்கங்களில் பாறைத் தூசியை நுரையீரலில் வாங்கிய வட ஆற்காட்டுத் தமிழனின் பெயர் பங்குதாரர் பட்டியலில் இல்லை, அது தனிக் கணக்கு.) லண்டனுக்குக் கொடுத்த நியாயத்தை ரங்கூனிடம் கேட்பது ஏகாதிபத்தியமாகாது.

கேட்காததன் விலை 1964-ல் வந்தது. மார்ச்சில் பர்மாவின் நே வின் ராணுவ அரசு கடைகளை எடுத்துக்கொண்டது; மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவையாயின. பெரிய செட்டியார்களில் பலர் ஜப்பான் படையெடுத்த 1942-லேயே கிளம்பிவிட்டிருந்தார்கள். இப்போது கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் சில்லறைக் கடைக்காரரும் கணக்கரும் கூலிகளும். அவர்களுக்காகச் சுட்டிக்காட்ட ஒரு முன்னுதாரணமும் இல்லை. சென்னைக்கு வந்தவர்களில் சிலர் பாரிமுனை ஓரத்தில் கடை விரித்தார்கள். பர்மா பஜார் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.