கம்பிக்கு இந்தி தெரியுமா?

மதுரையிலிருந்து மேலூர், திருப்பத்தூர் வழியே சென்றால் காரைக்குடி. அங்கே நிற்கிறது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். டில்லி தானாக வந்து கொடுத்த வரமா அது? அல்ல! வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தார். 1948 ஜூலை 25-இல் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். மண் நம்முடையது; பொருளும் நம்முடையது!

"ஆராய்ச்சி நிலையம் டாக்டர் பட்டக்காரர்களின் இடம், ஆலைத் தொழிலாளியின் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை?" என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்கிறார்கள். வேலை இருக்கிறது, தோழர்களே! அங்கே பாட்டரிக்கு நாள் கணக்கில் சார்ஜ் ஏற்றி இறக்கிச் சோதிக்கிறார்கள். இடையிலே மின்சாரம் தடுமாறினால் அத்தனை நாள் உழைப்பும் பாழ். அதைக் காத்து நிற்பவன் எலக்ட்ரீஷியன்.

நிலையத்தை நடத்தும் சி.எஸ்.ஐ.ஆரில், விஞ்ஞானப் பாடத்தோடு எஸ்.எஸ்.எல்.சி.யில் 55 விழுக்காடும் ஐ.டி.ஐ. சான்றிதழும் பெற்றவன் டெக்னீஷியன் ஆகலாம். ஏழாவது ஊதியக் குழுவின் கணக்கில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய். முதல் வகுப்பு டிப்ளமோவும் இரண்டாண்டு அனுபவமும் இருந்தால் டெக்னிக்கல் அசிஸ்டென்ட், 35,400 ரூபாய். டிப்ளமோதானே என்று இளப்பமாக எண்ணாதீர். 2023 ஆகஸ்ட் 23-இல் நிலவிலே இறங்கிய சந்திரயான்-3-இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்து ரயில்வே தொழிலாளியின் மகன், டிப்ளமோவில் தொடங்கியவர்!

ஆனால் வாசலிலே ஒரு முள்வேலி. டெக்னீஷியன் தேர்வுக்கான சி.எஸ்.ஐ.ஆர். அறிவிப்புகள் என்ன சொல்கின்றன? வினாக்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்குமாம். தமிழ் இல்லை! தமிழன் தந்த நிலத்தில், தமிழ்நாட்டுக் கம்பியைத் தொட, இந்திக்காரனுக்குத் தாய்மொழியில் கேள்வி; மதுரைப் புதூர் ஐ.டி.ஐ.யில் படித்தவனுக்கு மட்டும் அந்நிய மொழியில் கேள்வி!

வேடிக்கை கேளுங்கள். எலக்ட்ரீஷியன் பாடநூலைத் தமிழில் அச்சிட்டு விற்பது யார்? கிண்டியில் உள்ள 'நிமி' — அதுவும் மத்திய சர்க்காரின் நிறுவனமே! ஒரு கை தமிழில் கற்பிக்கிறது. மறு கை தமிழை வெளியே நிறுத்துகிறது.

ஆங்கிலம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. விஞ்ஞானி பதவிக்கு அது தேவை. டெக்னீஷியனுக்கும் ஆங்கிலத் திறனைச் சோதிக்கத் தனிக் கேள்விகள் இருக்கின்றனவே! மோட்டார் காயில் கட்டத் தெரியுமா, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தெரியுமா என்பதை அவன் மொழியிலே கேட்டால் என்ன குறைந்துவிடும்?

முடியாதென்று டில்லி சொல்ல இடமில்லை. மத்திய ஆயுதப் படைகளின் கான்ஸ்டபிள் தேர்வும் ஒரு காலத்தில் இந்தி, ஆங்கிலம் மட்டுந்தான். தமிழ்நாடு எதிர்த்துக் கேட்டது. 2023 ஏப்ரலில் டில்லி இணங்கியது. 2024 பிப்ரவரியில் தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளிலும் வினாத்தாள் வந்தது. துப்பாக்கிக்குக் கிடைத்த தமிழ், திருப்புளிக்கு ஏன் கிடைக்கவில்லை?

வினாத்தாள் மாறட்டும் என்று இளைஞர்கள் காத்திருக்க வேண்டாம். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 28, பிற்படுத்தப்பட்டோருக்கு 3 ஆண்டும் தாழ்த்தப்பட்டோருக்கு 5 ஆண்டும் சலுகை. அறிவிப்பு வந்ததும் கிளைப் படிப்பகத்துப் பலகையில் எழுதிப் போடுங்கள். தமிழில் வினாத்தாள் கேட்டு, மனுப் போடும் ஒவ்வொருவரும் சி.எஸ்.ஐ.ஆருக்கு ஒரு கடிதமும் அனுப்பட்டும்.