கட்டற்றது எவருக்கு?

அசோக் பில்லரில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடந்தால் நம்பர் போட்ட அவென்யூக்கள். அதில் ஒன்றில், ஒரு வீட்டு மாடிக் கூடத்தில், 2025ஆம் ஆண்டுக் கோடை முடிந்திருந்த ஒரு சனிக்கிழமை மாலை, கட்டற்ற மென்பொருள் எழுதுகிற இளைஞர் ஒருவர் தன் கோடைகாலத்தைப் பற்றிப் பேசினார். என்னை அங்கே இழுத்துப் போனவன் ஒரு பையன். ஜாபர்கான்பேட்டை ஆற்றங்கரையில் பிறந்து, 2015 வெள்ளத்துக்குப் பிறகு குடிசையோடு பெயர்த்தெடுக்கப்பட்டு, பெரும்பாக்கம் அடுக்குமாடியில் கொண்டுபோய்க் கொட்டப்பட்டவன். பாலிடெக்னிக் படித்தவன். லினக்ஸ் என்றால் உயிர். நான் எம்.ஏ. தமிழ். கணினி மொழியில் எனக்கு ஒரு எழுத்து தெரியாது. ஆனால் மாநாடுகளைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்.

பேச்சு மோசமில்லை. ஜூலையில் பிரான்சின் பிரெஸ்ட் நகரத்தில் டெபியன் மாநாடு. அது முடிந்த கையோடு இத்தாலியின் பிரேசியாவில் க்னோம் மாநாடு. படங்கள் காட்டினார். கடல், ரயில், பாலாடைக்கட்டி, ஒயின், முதுகுப்பையோடு பல தேசத்து மனிதர்கள். பிறகு சொன்னார்: "கோடு சாதி பாக்காதுங்க. ஓடுதா ஓடலையா, அவ்ளோதான்."

பையன் எழுந்தான். "சார், டிக்கெட்டுக்குக் காசு?"

"உதவித்தொகை உண்டு தம்பி. நாம டிக்கெட் வாங்கிட்டு, மாநாடு முடிஞ்சதும் பில்லு அனுப்பினா திருப்பிக் குடுத்துருவாங்க."

"அப்ப மொதல்ல நாமதான் போடணுமா சார்?"

"ஆமா. அப்பாகிட்ட வாங்கிக்கலாமே."

கூடத்தில் ஒருவர் முகமும் மாறவில்லை. அந்தக் கூடத்தில் அது அவ்வளவு சாதாரணமான வாக்கியம். பையனின் அப்பா குப்பை வண்டியில் ஒப்பந்தக் கூலி. பேசியவர் நல்லவர்தான், கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. நல்லவர்களிடம்தான் நமக்குச் சண்டை அதிகம்.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983ல் குனுத் திட்டத்தை அறிவித்தார், 1985ல் அதற்கொரு அறக்கட்டளை கண்டார். நிரலை எதற்கும் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்த்து மாற்றலாம், நகலெடுத்துக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம் என்று நான்கு சுதந்திரங்கள். இதைத் தமிழில் கட்டற்ற மென்பொருள் என்றார்கள். தளையறு மென்பொருள் என்றும் சிலர் சொன்னார்கள். இலக்கணம் படித்தவளுக்கு தளை என்றதும் வெண்பா ஞாபகம் வரும், கட்டு என்றால் ஊர்க்கட்டுப்பாடு ஞாபகம் வரும். சேரிக்காரிக்கு இரண்டாவதுதான் முதலில் வரும். எந்தக் கட்டு அற்றது என்று நாம் கேட்கவேண்டும். மைக்ரோசாப்டின் உரிமக் கட்டு அற்றது, சரி. ஊர்க்கட்டு?

மகாடு குளத்தின் கதையைப் பாருங்கள். பொதுக் கிணறு, குளங்களை எல்லோரும் புழங்கலாம் என்று பம்பாய் சட்டமன்றம் 1923ல் தீர்மானம் போட்டது. மகாடு நகராட்சியும் 1924ல் தன் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக எழுதி வைத்தது. உரிமம் பக்கா. ஸ்டால்மனே கையெழுத்துப் போட்டிருப்பார். ஆனாலும் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு இறங்கி அள்ளிக் குடிக்கும்வரை, தீண்டப்படாதவர் ஒருவரும் அந்தத் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. குடித்த பிறகு சாணியும் கோமியமும் ஊற்றித் தீட்டுக் கழித்தார்கள். அப்புறம் கோர்ட்டு, வழக்கு. பம்பாய் உயர்நீதிமன்றம் நம் பக்கம் சொல்ல 1937 ஆயிற்று. மூலநிரலைத் திறந்து வைத்துவிட்டோம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்கிற அண்ணன்மாருக்கு நான் மகாடுவைத்தான் காட்டுவேன். குளம் திறந்திருக்கிறது என்பது நகராட்சியின் வாக்கியம். தண்ணீர் குடித்தேன் என்பது வேறு ஆளுடைய வாக்கியம்.

அந்த டிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு லட்சம் கைக்காசு. ஐரோப்பிய விசாவுக்கு மாதக்கணக்கில் வங்கிக் கணக்கு ஓட்டம், வருமானவரிக் காகிதம், வேலை கொடுத்தவர் கடிதம். உதவித்தொகை கிடைப்பதற்கே, இவன் இத்தனை நாள் என்ன எழுதினான் என்று பார்ப்பார்கள். எழுதுவதற்கு ராத்திரி நேரம் வேண்டும், தனி அறை வேண்டும், வேலை முடிந்து வருகிறவனுக்கு யாராவது சோறு போடவேண்டும். தன்னார்வ உழைப்பு என்று பெருமையாகச் சொல்கிறார்கள். கூலியில்லா உழைப்பு எங்களுக்கு அறிமுகமில்லாததா? பறையடித்தோம், செத்த மாடு தூக்கினோம், பிணம் எரித்தோம். அதற்கு வெட்டி வேலை என்று பெயர் வைத்தார்கள். ஒருவனுக்கு மாநாட்டு மேடையும் இன்னொருவனுக்கு ஊர்ப்புறத்து இழிவும் கொடுக்கிற அதே கூலியில்லா உழைப்பு! ஓய்வு நேரமும் தாத்தன் எழுதிவைத்த சொத்துதான்.

அந்தக் கூடம் இருந்த அதே அசோக் நகரில்தான் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. 2024 ஆகஸ்டில் அங்கே பேசவந்த மகாவிஷ்ணு என்ற ஆன்மிகப் பேச்சாளர், ஏழையாகப் பிறப்பதும் ஊனமாகப் பிறப்பதும் போன ஜென்மத்துப் பாவம் என்று பெண் பிள்ளைகளிடம் சொன்னார். பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுந்து, யாரைக் கேட்டு இதையெல்லாம் பேசுகிறாய் என்று மோதினார். தமிழ்நாடே அந்தப் பேச்சாளரைக் காறித் துப்பியது, கைதும் நடந்தது. நல்லது. ஆனால் திறமைக்குத்தான் மதிப்பு, திறமை தானாக மேலே வரும் என்கிறவர்களை நாம் ஏன் கைதட்டி அனுப்புகிறோம்? இங்கிலீஷும் இணைய இணைப்பும் அப்பாவின் வங்கிக் கணக்கும் சேர்ந்து முளைத்ததைத் திறமை என்று மட்டும் சொன்னால், அதுவும் பூர்வஜென்மப் புண்ணியந்தானே.

கோடு சாதி பார்க்காது. எழுதுகிறவன் பார்க்கிறானே. அமெரிக்காவில் சிஸ்கோ நிறுவனத்தின்மீது 2020ல் கலிபோர்னியா அரசுத் துறையே வழக்குப் போட்டது. தலித் பொறியாளர் ஒருவரை மேல்சாதி மேலாளர்கள் இருவர் ஒதுக்கினார்கள் என்பது புகார். அந்த இருவர் மீதான வழக்கு 2023ல் கைவிடப்பட்டது. 2022ல் கூகுளில் சாதி பற்றித் தேன்மொழி சௌந்தரராஜன் பேசவிருந்த கூட்டத்தை நிறுத்தினார்கள். இங்கே சென்னையில் லினக்ஸ் ஆர்வலர்கள் பல வருஷம் மாதாமாதம் கூடியது கிண்டி ஐ.ஐ.டி. வளாகத்துக்குள். அந்த வளாகத்தில்தான் 2015 மே மாதம் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தைப் பறித்தார்கள். போராட்டத்துக்குப் பிறகு ஜூனில் திருப்பிக் கொடுத்தார்கள். லினக்ஸ்காரர்கள் அதற்குப் பொறுப்பல்ல. ஆனால் சுதந்திரம் பற்றிப் பேச அவர்களுக்குக் கிடைத்த வாசல் எந்த வாசல் என்பதைப் பார்க்கவேண்டாமா?

தமிழ்க் கணினிக்காரர்களுடைய கோடைகளையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். 1997 மே மாதம் சிங்கப்பூரில் முதல் தமிழிணைய மாநாடு. அந்த ஜூன் 30ந் தேதி மேலவளவு முருகேசனும் தோழர்களும், கலெக்டரைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பிய வழியில் வெட்டிச் சாய்க்கப்பட்டார்கள். அவர்களுடையதும் பயணந்தான். 1999 பிப்ரவரியில் சென்னை மாநாடு. அங்கே தமிழுக்கு ஒரே விசைப்பலகை என்று தீர்மானித்தார்கள். ஜூலை 23ல் தாமிரபரணியில் 17 பேர். மாநாடு கொன்றது என்று பைத்தியக்காரத்தனமாகச் சொல்லவில்லை. எந்த எழுத்து எந்த விசையில் உட்காரவேண்டும் என்று அத்தனை நுணுக்கமாகச் சண்டை போட்ட தமிழர்களுக்கு, பஞ்சாயத்துத் தலைவர் நாற்காலியில் யார் உட்காரலாம் என்பது தமிழ்ப் பிரச்சினையாகத் தெரியவில்லை.

2010ஐ மறக்கவே கூடாது. ஜூன் 23 முதல் 27 வரை கோவையில் செம்மொழி மாநாடு, அதோடு தமிழ் இணைய மாநாடு. ஒருங்குறியை அரசு ஏற்றது அந்த ஜூன் மாதம்தான். கொண்டாடினார்கள். ஒரு மாதம் ஆகவில்லை. ஜூலையில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தற்காலிகப் பணிநீக்கம். யார் இந்த உமாசங்கர்? மதுரையில் சுடுகாட்டுக் கூரை ஊழலைக் கிளப்பியவர். திருவாரூர் கலெக்டராக இருந்து மாவட்ட நிர்வாகத்தைக் கணினிக்குக் கொண்டுவந்தவர். எல்லாவற்றையும்விட, எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அரசாங்கக் கணினிகளை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றியவர். இந்தக் காரியத்தைத் தமிழ்நாட்டில் இவ்வளவு பெரிய அளவில் அதிகாரத்தில் இருந்து செய்தவர் ஒரு தலித். அவர்மேல் என்ன குற்றச்சாட்டு? சாதிச் சான்றிதழ் பொய்யாம்! எல்காட் நிறுவன முறைகேடுகளைக் கிளறியதுதான் காரணம் என்று அவர் சொன்னார். தலித் அமைப்புகள் தெருவுக்கு வந்தன, சில வாரங்களில் பணிநீக்கத்தை அரசு விலக்கிக்கொண்டது. (பிற்பாடு அவர் மதப் பிரசங்கத்தில் இறங்கியது பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு. அது இங்கே பேச்சில்லை.) கட்டற்ற மென்பொருளின் தமிழ்நாட்டு வரலாறு என்று மேடையில் சொல்கிறவர்கள் அவரை ஒரு வரியில் சொல்கிறார்கள். அந்த ஜூலையைச் சொல்வதில்லை.

இன்னொன்று. கட்டற்றது என்றால் இலவசம் அல்ல, சுதந்திரம் என்று மூச்சுக்கு முந்நூறு தடவை திருத்துகிறார்கள். விலையைப் பேசுவது அற்பமாம். 1907ல் அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையிலிருந்து பத்திரிகை தொடங்கியபோது, 'ஒரு பைசாத் தமிழன்' என்று விலையையே பெயரில் வைத்தார். வாங்க முடியாத சுதந்திரத்தை என்ன செய்வது என்று பண்டிதருக்குத் தெரிந்திருந்தது.

நம் பக்கம் மட்டும் ஒழுங்கா? தலித் பத்திரிகைகள் பலவும் திருட்டுப் பேஜ்மேக்கரில் கோர்க்கப்பட்டவை. 90களில் நாம் எழுதிய சாட்சியங்கள், கதைகள், கவிதைகள் எல்லாம் ஆளுக்கொரு எழுத்துருவில், செத்துப்போன பிளாப்பியில் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் அர்த்தமில்லாத குறிகள் வரும். நம் வரலாறு நம்மாலேயே வாசிக்க முடியாத பூட்டுக்குள். அதை மாற்றி எடுக்கிற கருவிகளைச் செய்து சும்மா கொடுத்தவர்கள் இந்தக் கட்டற்ற மென்பொருள்காரர்கள்தான். நன்றி சொல்லத்தான் வேண்டும். அதனால்தான் இந்தச் சண்டை. வேண்டாத இடமாக இருந்தால் ஏன் மல்லுக்கு நிற்கிறோம்?

மாநாட்டுக்கும் பயணத்துக்கும் நான் விரோதி இல்லை. 1930ல் இலண்டன் வட்டமேசைக்கு இரட்டைமலை சீனிவாசனும் அம்பேத்கரும் கப்பலேறிப் போனார்கள். போகாமல் இருந்திருந்தால் நமக்காக யார் பேசியிருப்பார்? ஆனால் வேறு மாதிரிப் பயணமும் இருக்கிறது. பெங்களூரில் ஒரு குடிசைப் பகுதிக்குள், அம்பேத்கர் பெயரில், கர்நாடகக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தார் நன்கொடைக் கணினிகளை வைத்து மையம் நடத்தினார்கள். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் கிம்ப் மென்பொருளில் படம் வரைந்தார்கள். விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறது. இதற்கெல்லாம் ஆன செலவு பஸ் காசு. அசோக் நகரிலிருந்து பெரும்பாக்கம் பிரான்சைவிடத் தூரமா? அன்றைக்கு அந்த இளைஞரிடம் இதைத்தான் கேட்டேன். "கண்டிப்பா வரேன் அக்கா, அட்ரஸ் அனுப்புங்க" என்றார். அனுப்பினேன். டிசம்பரில் இரண்டு ஞாயிறு வந்தார். பிறகு ஏதோ வேலை.

பையன் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறான். பிறப்புச் சான்றிதழில் இருக்கிற முகவரியில் இன்றைக்கு வீடே கிடையாது, ஆற்று மதில்தான் இருக்கிறது. விசாரிக்க வந்தவர் கேட்டாராம், "எதுக்குடா உனக்கு பாஸ்போர்ட்டு? துபாய்க்கா?"

"இல்ல சார், மாநாட்டுக்கு."

"எந்தக் கட்சி மாநாடு?"