இரண்டு வெள்ளித் தூண்டில்

தோட்டங்களில் இப்போது ஒரு நூதனமான கடுதாசி புகுந்து வருகிறது. அதைத் தபால்காரர் கொண்டு வருவதில்லை. கைப்பேசியில் மின்னஞ்சலாக வந்து விழுகிறது. "உங்கள் பொட்டலத்தைச் சேர்ப்பிக்க முடியவில்லை. முகவரி குறைவாக உள்ளது. இரண்டு வெள்ளி சொச்சம் கட்டி 24 மணி நேரத்திற்குள் விவரத்தைச் சரி செய்யவும். தவறினால் பொட்டலம் திருப்பி அனுப்பப்படும்" என்று அது சொல்லும். மேலே தபால் நிறுவனத்தின் சின்னம் இருக்கும்; கீழே அமுக்குவதற்கு ஒரு பொத்தான் இருக்கும். அத்தனையும் பித்தலாட்டம்.

இதில் சிக்கியவர்களைப் பற்றி, "படிக்காத ஜனங்கள், ஏமாந்தார்கள்" என்று சிலர் இளக்காரமாகப் பேசுவதை நாம் ஒப்பமாட்டோம். நம்மவர் இதை நம்புவதற்குத் தக்க காரணங்கள் உண்டு. நம் வீடுகளில் பலவற்றுக்குத் தனித் தபால் முகவரி கிடையாது. எல்லாருடைய தபாலும் தோட்ட ஆபீசுக்கு வந்து, கிராணியார் கையால் பிரித்துக் கொடுக்கப்படுவதே காலங்காலமான வழக்கம். பொட்டலம் கொண்டு வரும் பையன் இன்றைக்கும் காவல் கொட்டகையில் நின்று போன் போட்டுத்தான் வீட்டைக் கண்டுபிடிக்கிறான். "முகவரி குறைவு" என்றால் நமக்கு அது பொய்யாகவா தோன்றும்? முத்திரை குறைவாக ஒட்டிய கடிதத்திற்கு, குறைந்த தொகையைப் போல் இரண்டு மடங்கு கட்டி வாங்கிய காலத்தை மூத்தவர்கள் அறிவார்கள். ஆகவே, தபாலுக்குச் சில்லறை கேட்பதும் நமக்குப் புதிதல்ல. தீபாவளிக்கு முன்பு ஷாப்பியிலும் லசாடாவிலும் சேலையோ சட்டையோ சொல்லி வைக்காத வீடு எத்தனை? கள்ளன் இலட்சம் பேருக்கு ஒரே கடுதாசியை அனுப்புகிறான். அவர்களில் எவரோ ஒருவர் உண்மையிலேயே பொட்டலத்திற்குக் காத்திருப்பார்.

அவனுக்கு அந்த இரண்டு வெள்ளி தேவையே இல்லை. பொத்தானை அமுக்கினால் தபால் நிறுவனத்தின் பக்கத்தைப் போலவே ஒரு பக்கம் திறக்கும். அதில் வங்கி அட்டையின் எண், முடியும் மாதம், அட்டையின் பின்னால் உள்ள மூன்று இலக்கம் எல்லாவற்றையும் கேட்பான். உடனே அவன் தன் இடத்தில் உட்கார்ந்து உங்கள் அட்டையில் பெரிய தொகைக்குச் சாமான் வாங்கத் தொடங்குவான். வங்கி உங்களுக்கு ஓர் இரகசிய எண்ணை அனுப்பும். "அதையும் போடுங்கள்" என்று அதே பக்கம் கேட்கும். இரண்டு வெள்ளிக்கென்று நினைத்து நீங்கள் போடும் அந்த எண், இரண்டாயிரம் வெள்ளிக்குச் சம்மதமாகிவிடும். 2022-இல் பேங்க் நெகாரா, குறுஞ்செய்தி எண்ணை விட்டு வேறு பத்திரமான முறைக்கு மாறும்படி வங்கிகளுக்குக் கூறியது. அதன்படி வங்கிச் செயலியில் "சம்மதமா?" என்று கேட்பு வந்தாலும், தொகை எவ்வளவு, யாருக்கு என்று படிக்காமல் விரலை வைக்கலாகாது.

குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 வெள்ளியானது 2025-இல். அந்த 200 வெள்ளிக்காக எவ்வளவு பேச வேண்டியிருந்தது என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் எழுந்து, நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக நடந்து சேர்த்த மாதச் சம்பளம் முழுவதும், பால் நிறுத்துவிட்டு ஓய்ந்து உட்காரும் ஒரு நிமிடத்தில் போய்விடுகிறது.

கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை. உரம், அமிலம், வெட்டுக்கத்தி என்று ஆபீசுக்குச் சாமான் வந்தபடி இருக்கிறது. "பொட்டலச் சீட்டு இணைக்கப்பட்டுள்ளது" என்று வரும் மின்னஞ்சலில் உள்ள அந்தச் சீட்டைத் திறந்தால், கணினிக்குள்ளேயே திருட்டு நிரல் குடியேறக்கூடும். தோட்டத்து அத்தனை பேரின் அடையாள அட்டை எண்ணும் வங்கிக் கணக்கும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம்.

பொய்யைக் கண்டுகொள்வது கடினமல்ல. அனுப்பியவர் பெயரை நம்பக்கூடாது. அதை யாரும் எப்படியும் எழுதிக்கொள்ளலாம். இணைப்பின் முகவரியைத்தான் பார்க்க வேண்டும். கடித உறையில் ஊர்ப்பெயர் கடைசியில் வருவதுபோல, இணைய முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் நிற்பதே உண்மையான ஊர். கள்ளன் "போஸ்" என்ற சொல்லை முன்னால் எழுதிவிட்டு, கடைசியில் யாரும் அறியாத ஊரைப் போடுவான். இதுவும் சிரமம் என்றால் ஒரே வேலை போதும். அந்தப் பொத்தானைத் தொடாமல், பொருள் வாங்கிய கடையின் செயலியைத் திறந்து பொட்டலம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குறுஞ்செய்தியில் இணைப்பு அனுப்பக்கூடாது என்று 2024 செப்டம்பர் முதல் கம்பெனிகளுக்குத் தடை உண்டு. மின்னஞ்சலுக்கு அப்படியொரு வேலி இல்லை.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். புருஷனுக்குத் தெரிந்தால் சண்டை வரும் என்று இரண்டு நாள் வாய் திறவாதிருந்தால், அதற்குள் பணம் நாலு கணக்கு தாண்டிவிடும். வங்கிக்கோ, 2022-இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 என்ற எண்ணுக்கோ அந்த நிமிடமே போன் செய்ய வேண்டும். பிறகு போலீசில் புகார் எழுத வேண்டும்.

ஆனால் காலை ஏழு மணிக்கு நிரையில் நிற்கிற ஒருவர், வெட்டைப் பாதியில் விட்டு எப்படிப் போலீஸ் நிலையம் போவார்? போனால் அரைப் பேர் விழும். இந்த விஷயத்தில் நிர்வாகங்கள் தாராளம் காட்ட வேண்டும் என்பது நம் கருத்து. மோசடிக்கு ஆளானவர் புகார் கொடுக்கப் போகும் அந்த ஒரு நாளுக்குச் சம்பளம் பிடிக்கக்கூடாது. உடன் சென்று மலாயில் புகார் எழுதித் தர ஒரு கிராணியையும் அனுப்பி வைக்க வேண்டும்.