மூத்த மீன்கள் இல்லாவிட்டால் இளசுகளுக்கு வழி காட்டுவது யார்? 800 கி.மீ. இடம் மாறிய ஹெர்ரிங்

தொட்டியில் வளர்க்கும் கப்பி மீன் நமக்குத் தெரிந்ததுதான். அதன் பூர்வீகங்களில் ஒன்றான டிரினிடாட் தீவு ஓடைகளில், ஒவ்வொரு மீனுக்கும் தனித்தனி அடையாளமிட்டு ஆய்வாளர்கள் கவனித்தார்கள். கூட்டமாகத் திரிந்தாலும் சில மீன்கள் திரும்பத் திரும்பச் சேர்ந்தே இருந்தன. பெரிய மீன் ஏதாவது வந்தால், கிட்டே போய் வேவு பார்ப்பதிலும் இந்தப் பழகிய ஜோடிகள்தான் நன்றாக ஒத்துழைத்தன.

சரி, இந்தச் சகவாசத்தால் என்ன லாபம்? கரீபியக் கடலின் பவளப்பாறைகளில் வாழும் பிரெஞ்சு கிரண்ட் மீன்கள், அந்தி சாய்ந்ததும் இரை தேட ஒரே தடத்தில் கிளம்பும். வேறு இடத்து மீன்களை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். உள்ளூர் மீன்களோடு சேர்ந்து போன புதியவை, பிறகு உள்ளூர் மீன்களை அகற்றியபோதும் அதே தடத்தில் போயின. கூடப் போக வாய்ப்பில்லாதவைக்கு வழி தெரியவில்லை. 1984-ல் வெளியான ஆய்வு இது.

பாறையில் இப்படி என்றால், பெருங்கடலில் இன்னும் சிக்கல். நார்வேயின் ஹெர்ரிங், நம் மத்திக்குச் சொந்தக்கார மீன். அது தெற்கே மூரே கரையில் முட்டையிட்டு வந்தது. குஞ்சுகள் வடக்கே மிதந்து போகும் வழியில் பஃபின் பறவைகளுக்கு இரையாகும். 2016-ல் பிறந்த பெரும் தலைமுறை வளர்ந்து முட்டையிடத் தயாரானபோது, கூட்டிப்போக மூத்தவை மிகச் சிலவே மிஞ்சியிருந்தன. பெரிய மீன்களைக் குறிவைத்த வலைகள் மற்றவற்றை அள்ளிவிட்டிருந்தன. இளசுகள் வடக்கே லோஃபோட்டன் பக்கமே முட்டையிட்டன. முட்டையிடும் இடம் சுமார் 800 கி.மீ. மாறிவிட்டதாக 2025-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு சொல்கிறது.

இவ்வளவு தெரிந்தும் மீன்பிடி ஒதுக்கீடு டன் கணக்கில்தான் போடப்படுகிறது. எடைக்கணக்கில் பத்து வயது மீனும் நாலு வயது மீனும் ஒன்றுதான். வழி தெரிந்தது எது என்று தராசு சொல்லாது. கடலில் மீன் நிறைய இருக்கிறது என்று காட்டும் புள்ளிவிவரம், வழிகாட்டிகள் தீர்ந்துபோனதை மறைத்துவிடலாம். வயது தெரியாது என்ற சாக்கும் எடுபடாது. ஹெர்ரிங் செதிலில் மரத்தில் இருப்பதைப் போல ஆண்டு வளையம் உண்டு. நூறாண்டுக்கும் மேலாக நார்வேக்காரர்கள் அதைப் படித்து வருகிறார்கள். எத்தனை மூத்த மீன்களை விட்டுவைக்க வேண்டும் என்பதை ஒதுக்கீட்டில் சேர்ப்பதுதான் பாக்கி.