1972இல் எந்த இன்ஜினும் செத்துப்போகவில்லை

அமெரிக்கக் கார்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு கதை தவறாமல் வரும். 1970 வரை அந்நாட்டு வி8 இன்ஜின்கள் முந்நூறு, நானூறு குதிரைத்திறனோடு சீறிக்கொண்டிருந்தன. பிறகு புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1972இல் அதே இன்ஜின்கள் இருநூற்றுச் சொச்சத்துக்குச் சரிந்தன. ஆக, சுத்தமான காற்று வேண்டும் என்று கேட்டவர்கள் நல்ல இன்ஜின்களின் கழுத்தை நெரித்துவிட்டார்கள். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது கார் கம்பெனிகள் அச்சிட்ட எண்கள் மட்டுமே. இதே கதையின் உள்ளூர்ப் பதிப்பை நம் மெக்கானிக் கடைகளிலும் கேட்கலாம்: "பிஎஸ் 6 வந்துச்சு, வண்டியில இழுவையே போயிடுச்சு சார்."

அமெரிக்கக் கதையில் முக்கால்வாசி தவறு. 1972இல் பெரிய அளவில் மாறியது இன்ஜின் அல்ல, அதை அளந்த முறை.

செவ்ரோலே கார்வெட்டில் வந்த எல்எஸ்5 என்ற 7.4 லிட்டர் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். 1970இல் அதற்குச் சொல்லப்பட்ட திறன் 390. 1972இல் 270. இரண்டே ஆண்டுகளில் 120 குதிரைகளைக் காணோம். கதை சொல்பவர்கள் இந்த இரண்டு எண்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இடையில் 1971 என்று ஒரு வருடம் இருந்தது. அந்த ஒரு வருடம் ஜெனரல் மோட்டார்ஸ் பழைய முறை எண், புதிய முறை எண் இரண்டையும் வெளியிட்டது. எல்எஸ்5க்குப் பழைய முறையில் 365, புதிய முறையில் 285. அதே இன்ஜின், அதே கார், அதே வருடம், எண்பது குதிரை வித்தியாசம். இப்போது கணக்கைப் பிரித்துப் பாருங்கள். 1971இல் கம்ப்ரஷன் விகிதத்தைப் பத்தேகாலிலிருந்து எட்டரைக்குக் குறைத்ததில் போனது 25. அடுத்த வருட மாற்றங்களில் போனது 15. மீதி 80, காகிதத்தில் மட்டுமே போனது.

இது ஒரு இன்ஜினுக்கு மட்டும் நேர்ந்த விஷயமல்ல. கார்வெட்டின் சின்ன இன்ஜினான எல்டி-1க்கு 1971இல் பழைய கணக்கில் 330, புதிய கணக்கில் 275. கிரைஸ்லரின் புகழ்பெற்ற 426 ஹெமிக்கு அதே வருடம் 425, 350.

பழைய கணக்கு எப்படிப் போடப்பட்டது என்று தெரிந்தால் அந்த 425ஐக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கம் போய்விடும். இன்ஜினைக் காரிலிருந்து தனியே சோதனை மேடையில் ஏற்றுவார்கள். ஏர் ஃபில்ட்டர் கிடையாது. காரில் வரும் சைலன்சரும் புகைக்குழாயும் கிடையாது. புகை தடையின்றி வெளியேறும் அகன்ற குழாய்கள் இருக்கும். ஃபேன் இழுக்க வேண்டாம், ஆல்டர்னேட்டர் சுற்ற வேண்டாம். ஸ்பார்க் டைமிங்கை எந்தப் புள்ளியில் அதிகத் திறன் கிடைக்கிறதோ அங்கே வைத்துக்கொள்ளலாம். அப்படி ஒரு இன்ஜின் எந்தக் காரிலும் ஓடியதில்லை, எந்த வாடிக்கையாளருக்கும் விற்கப்பட்டதுமில்லை. 1972 முதல் வழக்குக்கு வந்த முறை, காரில் இன்ஜின் எந்தக் கோலத்தில் உட்கார்ந்திருக்கிறதோ கிட்டத்தட்ட அந்தக் கோலத்திலேயே அதை அளந்தது. எண் விழுந்தது. வாங்கியவருக்கு முதல்முறையாக உண்மைக்குப் பக்கத்தில் ஒரு எண் கிடைத்தது. அதைத்தான் வீழ்ச்சி என்று இன்றுவரை புலம்புகிறார்கள்.

பழைய முறையிலாவது கம்பெனிகள் நேர்மையாக எழுதினவா என்றால், அதுவும் இல்லை. 1967 முதல் 1969 வரை கார்வெட்டில் எல்88 என்று ஒரு இன்ஜின் கிடைத்தது. மூன்று வருடங்களில் 216 கார்களில்தான் அது பொருத்தப்பட்டது. ரேஸ் ஓட்டத்துக்கென்றே செய்தது. கம்ப்ரஷன் பன்னிரண்டுக்கு மேல். சாதாரண பெட்ரோல் அதற்கு ஆகாது. அதற்கு எழுதிய எண் 430. அதே கடையில் பொதுமக்களுக்கு விற்ற எல்71க்கு எழுதிய எண் 435! எல்88இன் உண்மைத் திறன் ஐந்நூறைத் தாண்டும். அதன் உச்சத்துக்கு வெகு கீழே, 5,200 சுற்றில் கிடைத்ததை மட்டும் எழுதிவிட்டார்கள். அந்தச் சுற்றில் 430 சரிதான் என்பதால் பொய் என்றும் சொல்ல முடியாது. தெரியாத்தனமாக யாரும் இதை வாங்கிவிடக் கூடாது என்பது கம்பெனியின் எண்ணம். ரேஸ் வகுப்புக்காகவே பிறந்த கமேரோ இஸட்/28க்கு 290 என்று எழுதியதும் இதே போன்ற கதைதான். குதிரைத்திறன் ஏற ஏற இன்ஷூரன்ஸ் கட்டணமும் ஏறிய காலம் அது. டிராக் ரேஸ் நடத்தும் என்ஹெச்ஆர்ஏ அமைப்பு கம்பெனி எண்களை ஒதுக்கிவிட்டுத் தானே ஒரு எண்ணை நிர்ணயித்து வண்டிகளை வகுப்பு பிரித்தது. காரின் எடையும் கால் மைல் முடிவில் அது தொடும் வேகமும் கையில் இருந்தால் திறனை ஓரளவு கணித்துவிட முடியும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஜப்பானில் இன்னும் வெளிப்படையாகவே நடந்தது. சாலை மரணங்கள் கவலையளித்த காலத்தில், 1989 வாக்கில், அங்குள்ள கம்பெனிகள் 280 பிஎஸ்ஸுக்கு (குதிரைத்திறனின் மெட்ரிக் அலகு) மேல் எந்தக் காருக்கும் எழுதுவதில்லை என்று தமக்குள் பேசி வைத்துக்கொண்டன. ஹோண்டா லெஜெண்ட் 2004இல் 300 என்று எழுதும் வரை அந்த உடன்பாடு நின்றது. நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் மூன்று தலைமுறை மாறியும் காகிதத்தில் 280இலேயே நின்றது. அந்தக் கடைசித் தலைமுறைக் காரைத் திறன் அளக்கும் டைனோவில் ஏற்றியவர்கள் யாரும் 280ஐ நம்பவில்லை.

கூட்டி எழுதி மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. 1999 ஃபோர்டு மஸ்டாங் கோப்ராவுக்கு 320 என்று விளம்பரம். வாங்கியவர்கள் அளந்து பார்த்துக் கேள்வி கேட்டதும், ஃபோர்டு விற்பனையை நிறுத்தி, விற்ற கார்களைத் திரும்ப அழைத்து, இன்டேக் மேனிஃபோல்டையும் புகைக்குழாயையும் மாற்றிக் கொடுத்தது. மாஸ்டா தன் ஆர்எக்ஸ்-8க்கு முதலில் சொன்ன 250ஐ 238 ஆக இறக்கி, வேண்டாம் என்பவர்களின் காரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் சொன்னது. பிறகு 2005இல், சுயேச்சையான சாட்சி ஒருவர் முன்னிலையில் அளக்கும் முறையை வாகனப் பொறியாளர்களின் அமைப்பான எஸ்ஏஇ கொண்டுவந்தது. டொயோட்டா கேம்ரியின் 3 லிட்டர் வி6 அதோடு 210இலிருந்து 190க்கு இறங்கியது. காடிலாக்கின் சூப்பர்சார்ஜர் வி8ஓ 440இலிருந்து 469க்கு ஏறியது. இரண்டு இன்ஜின்களிலும் ஒரு நட்டைக்கூட யாரும் திருகவில்லை.

"அப்படியானால் சக்கரத்தில் அளந்துவிடலாம், அதோடு 15 சதவீதம் கூட்டினால் உண்மை தெரியும்" என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. அந்த 15 சதவீதத்துக்கு அடிப்படை எதுவும் இல்லை. கியர்பாக்ஸ், டயரின் காற்று, ஆயிலின் சூடு, டைனோ உருளையின் வகை என ஒவ்வொன்றுக்கும் இழப்பு மாறும். ஒரே ஓட்டத்தை வெப்பத்துக்கும் காற்றழுத்தத்துக்குமான பழைய திருத்தக் கணக்கில் போட்டால் ஒரு எண், எஸ்ஏஇ கணக்கில் போட்டால் ஏறக்குறைய 4 சதவீதம் குறைவான எண். திருத்தமே போடாவிட்டால், 40 டிகிரி சென்னை வெயிலில் காற்று, 25 டிகிரியில் இருப்பதைவிட 5 சதவீதம் மெலிந்திருக்கும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டிக்கு ஏறினால் டர்போ இல்லாத இன்ஜின் ஐந்தில் ஒரு பங்குத் திறனை இழக்கும். அங்கே போய் அளந்துவிட்டுக் கம்பெனி ஏமாற்றிவிட்டது என்றால் எப்படி?

எழுபதுகளில் உண்மையான இழப்பும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. 1975இல் கார்வெட்டின் அடிப்படை இன்ஜின் புதிய கணக்கிலேயே 165தான் கொடுத்தது. கார்புரேட்டரை வைத்துக்கொண்டு புகையைக் குறைக்க முயன்ற காலம் அது; கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் முதல் தலைமுறை புகையின் பாதையை அடைத்தது. ஆனால் அந்த இழப்பு எதற்காக என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1971இல் கம்ப்ரஷனைக் குறைத்தது, ஈயம் குறைந்த பெட்ரோலில் இன்ஜின் தட்டாமல் ஓடுவதற்காக. பெட்ரோலில் கலந்த ஈயம் புகைக்குழாய் வழியே வெளியேறி, தெருவில் விளையாடும் குழந்தைகளின் இரத்தத்தில் சேர்ந்துகொண்டிருந்தது. ஈயம் நீங்கிய பிறகு அமெரிக்கக் குழந்தைகளின் இரத்தத்தில் அதன் அளவு மளமளவென்று இறங்கியது. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000இல்தான் நின்றது. உலகில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021இல். எல்எஸ்5 அதற்காகக் கொடுத்த விலை 25 குதிரை. காகிதத்தில் போன எண்பதையும் அதே கணக்கில் ஏற்றி, காற்றைச் சுத்தம் செய்த சட்டத்தின் மேல் ஐம்பது ஆண்டுகளாகப் பழி போடுகிறார்கள்.

2020இல் வந்த கார்வெட்டில் 6.2 லிட்டர் இன்ஜின்; டர்போ இல்லை. ஈயமில்லாத பெட்ரோலில், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரோடும் சைலன்சரோடும், அது புதிய கணக்கில் தருவது 490.