லட்டு, முட்டை, மல்லாட்டை

முந்தைய ஆட்சிக் காலத்தில் திருப்பதி லட்டுக்கு வாங்கிய நெய்யில் மிருகக் கொழுப்பு கலந்திருந்தது என்று 2024 செப்டம்பரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு குற்றம்சாட்டியபோது நாடே கொதித்தது. அடுத்த மாதம் உச்ச நீதிமன்றம் சிறப்பு விசாரணைக் குழுவுக்கு உத்தரவிட்டது. நெய் சுத்தமானதா என்று கேட்டவர்கள் ஏராளம். ஒரு லட்டில் எவ்வளவு நெய் என்று கேட்டவர்கள் சொற்பம்.

தேவஸ்தானத்தின் அளவுத் திட்டம் என்று பத்திரிகைகளில் வெளிவந்த கணக்கு இது: 5,100 லட்டுகளுக்கு 180 கிலோ கடலை மாவு, 400 கிலோ சர்க்கரை, 165 கிலோ நெய். முந்திரி, திராட்சை, கற்கண்டு, ஏலக்காய் தனி. வகுத்துப் பார்த்தால் லட்டு ஒன்றுக்கு சுமார் 32 கிராம் நெய், 78 கிராம் சர்க்கரை. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியோ, 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு நாள் முழுவதற்கும் எண்ணெயும் நெய்யும் சேர்த்து 27 கிராம் போதும் என்கிறது. பத்துப் பேருக்குப் பிட்டுக் கொடுக்கிற பிரசாதத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. கெடுதல், தினசரிச் சமையலில் இதே தாராளம் காட்டும்போதுதான்.

ஆனால் கொலஸ்ட்ரால் என்றதும் பலர் ஒதுக்கி வைப்பது நெய்யை அல்ல, முட்டையை. கணக்கு அவர்களுக்குச் சாதகமாகவே தோன்றும். ஒரு முட்டையில் 180 மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்ட்ரால் உண்டு. முழு லட்டின் நெய்யில் அதில் பாதிகூட இல்லை. விஷயம் அங்கே முடிவதில்லை. உடலுக்கு வேண்டிய கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடலே தயாரித்துக்கொள்கிறது, முக்கியமாகக் கல்லீரல். ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டுவதில், உணவிலுள்ள கொலஸ்ட்ராலைவிட நிறைவுற்ற கொழுப்புக்கே பங்கு அதிகம். அந்தக் கொழுப்பு முட்டையில் ஒன்றரை கிராம் அளவில்தான். லட்டின் நெய்யில் சுமார் 20 கிராம். முட்டை 6 கிராம் புரதமும் தருகிறது. நாளுக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் என்ற உச்சவரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டி 2015ம் ஆண்டுப் பதிப்பில் கைவிட்டது. இதய நோயாளிகளும் சர்க்கரை நோயாளிகளும் மட்டும் தங்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

எண்ணெய் பாக்கெட்டுகளின் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்ற பெருமையும் இந்தப் பயத்தை நம்பித்தான். தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் கிடையாது. அதற்காக அள்ளி ஊற்றலாம் என்று அர்த்தமில்லை. எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரி.

பலருடைய தட்டில் உண்மையில் குறைவது புரதம். உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 50 கிராம். குவித்த சோறும் தண்ணீராய் ஓடும் சாம்பாரும் இதற்குப் போதாது.

இந்த இடத்தில்தான் சித்தூர் மண் கைகொடுக்கிறது. 1911ல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை அதன் பெரும்பகுதி வட ஆற்காட்டைச் சேர்ந்தது. வட ஆற்காட்டுத் தமிழர் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலை இங்கே மானாவாரிப் பயிர். வறட்சியைத் தாங்கும் தரணி போன்ற ரகங்கள் திருப்பதி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை. 100 கிராம் கடலையில் சுமார் 25 கிராம் புரதம். பாதிக்குப் பாதி கொழுப்பு, அதிலும் பெரும்பகுதி நிறைவுறாதது. ஆனால் செக்குக்கும் மில்லுக்கும் போகும் கடலையில் எண்ணெய் மனிதனுக்கு வருகிறது. புரதம் பிண்ணாக்காக மாட்டுக்குப் போகிறது. இந்த விரயத்தைத் தடுக்கத்தான் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், கொழுப்பு நீக்கிய கடலை மாவில் கொண்டைக்கடலை மாவைக் கலந்து சத்துமாவு தயாரித்தது. அது வீட்டுச் சமையலறைக்குள் நுழையவில்லை.

ராகிக் களிக்குக் கடலைச் சட்னி என்ற ராயலசீமைப் பழக்கத்துக்கோ எந்த ஆய்வகமும் தேவைப்படவில்லை. கூடவே கெட்டியான பருப்பும் ஒரு டம்ளர் மோரும் இருந்தால், ராகியிலும் கடலையிலும் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலமும் சேர்ந்துவிடும். கடலையை வேகவைத்தோ வறுத்தோ நாளுக்கு ஒரு கைப்பிடி சாப்பிடலாம். பூசணம் பிடித்ததைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். அதில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம்.

ஆந்திர அரசு 2020ல் பள்ளி மதிய உணவைத் திருத்தியபோது வாரத்தில் ஐந்து நாள் முட்டை, மூன்று நாள் கடலை மிட்டாய் என்று சேர்த்தது. ஆட்சி மாறி 2024ல் திட்டத்தின் பெயரும் மாறியது. சித்தூர் கிராமத்துக் குழந்தைக்குப் பெயர் முக்கியமல்ல. முட்டை தவறாமல் வருகிறதா, கடலை மிட்டாயில் வெல்லத்தைவிடக் கடலை அதிகமா என்பதுதான் முக்கியம். லட்டு நெய்க்குக் காட்டிய அக்கறையில் கொஞ்சம் இதற்கும் காட்டலாம்.